காத்து எடுக்கப் போன வீடுகள்

போன மாதம் எங்கள் மூத்தோர் சங்கத்துக்கு நகரசபையிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து சுவரில் படம் போட்டுக் காட்டினாள். இனிக் கட்டுகிற வீடுகளில் எண்ணெயும் இல்லை, காஸும் இல்லை, சூட்டுக்கும் சமையலுக்கும் எல்லாம் கரண்ட்தான் என்றாள். பழைய கட்டடங்களில் எண்ணெய்ப் போயிலர் வைத்திருக்கிறவர்களும் அதைக் கழற்றத்தான் வேண்டுமாம். அந்தப் புகைதான் உலகத்தைப் பழுதாக்குகிறதாம். அவள் பிரெஞ்சில் சொல்லச் சொல்லச் செயலாளர் தமிழில் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். "கேள்வி இருந்தால் கேளுங்கோ" என்றார். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்டால் சிரிப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

தேத்தண்ணி குடிக்கிற நேரம் செயலாளரிடம், "தம்பி, அந்தப் பிள்ளை படத்தில காட்டினது மாதிரி ஒரு போயிலரை நான் கனகாலம் வைச்சுப் பாத்தனான்" என்றேன்.

"நீங்களோ அக்கா? நான் நீங்கள் தையல் பக்ரறி எண்டெல்லோ நினைச்சன்."

"அது முந்தி."

"அப்ப அதை எங்கட சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோ. இப்ப உள்ள பிள்ளையளுக்குப் போயிலர் எண்டால் என்னெண்டே தெரியாது."

ஆகவே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வரும். எழுத்துப் பிழையைத் தம்பி திருத்தட்டும், சொல்லை மாற்ற வேண்டாம் என்று சொல்லிப்போட்டேன்.

இந்தக் கெபெக்கில் ரொக்ஸ்பரோ றெயில் ஸ்டேசனுக்குக் கிட்ட, ஆற்றங்கரைப் பக்கமாக, மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. நான் அதற்குக் கொன்சியேர்ஜ், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். எங்கள் சனம் "கூட்டுறவ", கூட்டுகிறவள், என்று சொல்லும். கூட்டினேன்தான். படியில் உப்புப் போட்டேன், பனி தள்ளினேன், குப்பை இழுத்தேன். அதெல்லாம் கை செய்கிற வேலை. என்னுடைய வேலை சூடு. வெளியே பனிக்காற்று ஆளை அறைகிற நாளில், உள்ளே குழந்தைப்பிள்ளை சட்டையில்லாமல் தவழ்ந்ததென்றால் அது என்னுடைய வேலை.

முதலில் அந்த வேலை என் மனிசனுடையது. தையல் பக்ரறி மூடினபிறகு நானும் அவரோடு கீழே இறங்கி உதவி செய்யத் தொடங்கினேன். ஒரு மாரிக் குளிரில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. செத்தவீடு முடியக் கட்டடத்துக்காரர் வந்தார். கிரேக்கக் கிழவர், நல்ல மனிசன். ஆனால் போயிலர் பார்க்க ஒரு ஆம்பிளை வேண்டும் என்றார். அப்போது பக்கத்தில் நின்ற மிஸ்யூ ழில்பேர் ஒரு வார்த்தை சொன்னார். போயிலர் இதுவரைக்கும் தன்னிடம் மீசை கேட்டதில்லையாம். கிழவர் சிரித்துவிட்டார். வேலை எனக்கு வந்தது, வேலையோடு கிடைத்த அடித்தட்டு வீட்டிலேயே நான் இருந்துகொண்டேன்.

மிஸ்யூ ழில்பேர் எங்களைப்போல் பல கட்டடங்களின் சூட்டைப் பார்க்கிற மேலாள். கெபெக் ஆள், பெரிய உடம்பு, கொஞ்சக் கதை. அப்போது எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்கு இங்கிலிஸ் பிடிக்காது. கையால் காட்டுவார், நான் செய்வேன். பிழைவிட்டால் ஏசமாட்டார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, நான் செய்ததைத் தானே திரும்பச் செய்வார், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அது ஏச்சிலும் மோசம். திருகாணி ஒன்றை நான் இறுக்கிய இறுக்கில் புரியே போய்விட்டது. அன்றைக்கும் தொப்பி கழன்றது. புதிதாக ஒன்று போட்டு, "தூஸ்மோ, மதாம்" என்றார். மெதுவாக, அம்மா. அவர் எனக்குச் சொல்லித்தந்த பிரெஞ்சில் பாதி அந்தச் சொல்தான்.

பழகின கதை இவ்வளவு போதும். வேலையைச் சொல்கிறேன்.

இலை பழுத்து முதல் குளிர் இறங்குகிறபோது, அடித்தட்டில் எண்ணெய் எரித்துத் தண்ணீரைச் சூடாக்குகிற போயிலரை எழுப்புவோம். கோடை முழுக்கக் குழாய்களில் தண்ணீர் சும்மா நின்றிருக்கும். அதற்குள் காற்றுச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு அறையிலும் சன்னலுக்குக் கீழே ஒரு இரும்பு றேடியேற்றர், வெந்நீர் ஓடுகிற சாமான். அதற்குள் காற்று நின்றால் கீழ்ப்பக்கம் சுடும், மேற்பக்கம் குளிரும். உள்ளே யாரோ கல்லுப் போட்டுக் குலுக்குகிறதுபோல் கடகடக்கும். அந்தக் காற்றை வீடு வீடாகப் போய் வெளியே விடவேண்டும். நாங்கள் அதைக் காத்து எடுக்கிறது என்போம்.

மிஸ்யூ ழில்பேரின் முறை இது. முதலில் கீழே பம்பை நிற்பாட்ட வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் காற்று ஓரிடத்தில் நிற்காது. அடித்தட்டில் தொடங்கி மேலே ஏற வேண்டும், ஏனென்றால் காற்றும் மேலேதான் ஏறும். கதவை இரண்டு தரம் தட்டவேண்டும். தட்டிவிட்டு இரண்டடி பின்னுக்கு வந்து நிற்கவேண்டும். கதவு ஓட்டையால் பார்க்கிற ஆளுக்கு முகம் மட்டுமில்லை, முழு ஆளும் தெரியவேண்டுமாம். திறந்ததும் தொப்பியைக் கழற்றுவார். சாமான் பையில் வீட்டுச் சப்பாத்து ஒரு சோடி வைத்திருப்பார், அதை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். எங்கள் சனத்தின் வீட்டில் அப்படிச் செய்த வெள்ளைக்காரன் அவர் ஒருவர்தான், அதனால் கிழவிகள் எல்லாம் அவருக்கு வடை கொடுக்கும். உள்ளே போனதும் றேடியேற்றரைப் பார்க்கக்கூடாது. முதலில் ஆளைப் பார்த்துச் சுகம் விசாரிக்க வேண்டும்.

பேந்து, அதாவது பிறகு, புறங்கையை வைத்துச் சூடு பார்க்கவேண்டும். ஒருபோதும் உள்ளங்கையை வைக்கக்கூடாது. மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம். பேந்து ஓரத்தில் இருக்கிற சின்னத் திருகாணிக்குச் சாவிபோன்ற திறப்பைப் போட்டு, கீழே தகரப் பேணியைப் பிடித்து, கால்வாசி திருப்ப வேண்டும். ஸ்ஸ் என்று காற்று வரும். பழைய செப்புக்காசு மணக்கும். பேந்து துப்பும். துப்பித் துப்பி, கடைசியில் நூல்போலத் தண்ணீர் வரும். அப்போது மூடவேண்டும். தூஸ்மோ.

அந்தக் காற்றுப் போய்முடிய நேரம் எடுக்கும். அவசரப்படுத்த ஏலாது. நான் குனிந்து பேணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பார். கண்டுகொண்ட விசயம் ஒன்று சொல்கிறேன். முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவரிடம் சனம் கதைக்காது. கைவேலையாகக் குனிந்து நிற்கிறவரிடம் எல்லாம் கதைக்கும். ஆருடைய மகளுக்கு இன்னும் கலியாணம் சரிவரவில்லை, ஆருக்கு வேலை போய்விட்டது, ஆர் ஆரோடு கோபம், எல்லாம் எனக்கு அந்த ஸ்ஸ் சத்தத்துக்குள்தான் தெரியவந்தது. ஒரு வீட்டுக் கதையை மற்ற வீட்டுக்கு நான் கொண்டுபோனதில்லை. போகிற கதவுகளிலெல்லாம் ஒரே சொல்தான்: "காத்து எடுக்க வந்தனான்."

மூன்றாம் மாடி மூலை வீட்டில்தான் கடைசியாக முடிப்பேன். கட்டடத்துக் காற்றெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும், அதனால் நேரமும் அங்கேதான் கூட எடுக்கும். அந்த வீட்டுக்காரி றோசலின். மட்டக்களப்பு, கிறிஸ்தவ வேதக்காரி. ஹொட்டல் ஒன்றில் விரிப்புகள் தோய்க்கிற இடத்தில் வேலை. என்னைப்போல் அவளும் தாலியறுத்தவள். ஜெறோம் என்று ஒரே மகன். மட்டக்களப்புப் பெண்கள் ஒருத்தியோடு ஒருத்தி கதைக்கும்போது முடிவில் ஒரு "கா" போடுவார்கள். முதல்நாள் நான் தட்டினபோதே அது வந்தது.

"ஆரது?"

"காத்து எடுக்க வந்தனான்."

"இஞ்ச காத்தெல்லாம் வடிவாத்தான் இருக்கு கா. வேணுமெண்டால் தேத்தண்ணி குடிக்க வா."

அவளுடைய முன் அறை றேடியேற்றருக்கு மேலே ஒரு பலகை. பலகைக்கு மேலே பச்சைத் துவாயால் சுற்றின ஒரு சட்டி. தோசை மா. இது அவளுடைய புதுமையில்லை. எங்கள் கட்டடத்துத் தமிழ் வீடுகளில் மார்கழி தையில் மா புளிக்கிற இடம் அதுதான். இந்த ஊர்க் குளிரில் வேறெங்கே வைத்தாலும் மா செத்த பிணம்போல் கிடக்கும். நானும் அப்படித்தான் வைத்தேன். பலகைக்கு மேலே வெதுவெதுப்பாக ஒரு சூடு நிற்கும். கையைச் சுடாது, துணியைச் சுடாது. விடிய எழும்பிப் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

"உளுந்து காணாது, கூடப் போடவேணும்" என்றேன், எட்டிப் பார்த்து.

"உங்கட யாழ்ப்பாணத்து மா உங்கட ஆக்களைப்போல கா. லேசில எழும்பாது, எழும்பினால் அடங்காது. என்ர மா பேசாமல் தன்ர வேலையைப் பாக்கும்."

அதிலிருந்துதான் பழக்கம். சிநேகிதம் என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. றேடியேற்றர் கடகடத்தால் அவள் கூப்பிடுவாள், நான் போவேன். கடகடக்காத றேடியேற்றருக்கும் சில நேரம் கூப்பிட்டாள். நானும் புறங்கையை வைத்துப் பார்த்து, "ஓம், கொஞ்சம் காத்து இருக்கு" என்று சொல்லித் திறப்பை எடுப்பேன்.

ஒரு தை மாதம் காலையில் அவள் சட்டியோடு போயிலர் அறைக்கே இறங்கி வந்துவிட்டாள்.

"உன்ர போயிலருக்குச் சுகமில்லை கா."

"போயிலர் வடிவா ஓடுது. முள்ளைப் பார்."

"முள்ளை நீ பார். மாவை நான் பாக்கிறன். எழும்பேல்ல."

நான் சிரித்தேன். ஆனாலும் மிஸ்யூ ழில்பேர் வந்தபோது சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சட்டியை வாங்கி மணந்து பார்த்தார். மேலே ஏறினார், சப்பாத்து மாற்றினார், அவளுக்குப் போன்ஜூர் என்று வணக்கம் சொன்னார், பிறகு முழங்காலில் இருந்து குழாயில் காதை வைத்தார். பம்புக்குப் பலம் குறைந்து வந்திருக்கிறது. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் களைத்துப்போய்த்தான் ஏறியிருக்கிறது. அன்றைக்கே புதுப் பம்பு போட்டார். பெரிய குளிர் அதற்குப் பிறகுதான் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு முறை வரும்போதும் போயிலரைப் பார்க்க முன்னம் என்னைக் கேட்பார்: "மதாம் றோசலினின் மா எப்படி?"

அவரும் வயது வந்து ஒருநாள் வேலையை விட்டு நின்றார். கடைசியாகக் கைகொடுக்க வந்தபோது, பழக்கத்தில் புறங்கையைத்தான் முதலில் என் கையில் வைத்தார். இரண்டு பேரும் சிரித்தோம். வடக்கே மகளோடு போய்விட்டார் என்று அறிந்தேன்.

பேந்து கிரேக்கக் கிழவரும் போய்ச்சேர்ந்தார். பிள்ளைகள் கட்டடத்தை ஒரு கம்பனிக்கு விற்றார்கள். அந்த நேரம்தான் எண்ணெய்ப் போயிலரை எடுக்கவேண்டும் என்ற சட்டமும் வந்தது. கம்பனி எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தது. புதுச் சன்னல், புது வயர், ஒவ்வொரு அறையிலும் சுவரின் அடியோடு நீளமாகக் கரண்ட் ஹீட்டர். ஒவ்வொரு அறைக்கும் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் தனித்தனி முள். போயிலரைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்பாக ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் அழவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும். அந்த எண்ணெய் மணம் என் மனிசனின் சட்டைகளிலிருந்து கடைசிவரை போகவில்லை. புகைக்கூட்டால் போன கரும்புகை எங்கே போகிறது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிறது என்று இருந்துவிட்டோம். நகரசபைப் பிள்ளை சொன்னது சரி. இது சட்டத்தைக் குறைசொல்லுகிற கட்டுரை இல்லை. இப்போது சன்னலைத் திறந்தால் காற்றுக்கு மணமே இல்லை.

ஆனால் கரண்ட் சூட்டுக்குக் கொன்சியேர்ஜ் தேவையில்லை. பழுதென்றால் அடிக்க ஒரு போன் நம்பர் ஒட்டினார்கள். எனக்கும் வயது வந்துவிட்டது, வேலையால் நின்றேன். அதே கட்டடத்தில் முதலாம் மாடியில் சின்ன வீடொன்று வாடகைக்கு எடுத்தேன். ரொறன்ரோவில் இருக்கிற என் மகன் தன்னோடு வரச்சொல்லிக் கேட்டான். போகவில்லை. என்னுடைய வீடு என்று ஒன்று வேண்டும்.

போயிலர் இருந்த காலம் சுவருக்குள் எப்போதும் ஏதோ ஒரு சத்தம் இருக்கும். தண்ணீர் ஓடும், இரும்பு சூடேறி டிக்கென்னும். அது நின்றபிறகுதான் அது சத்தம் என்றே எனக்குத் தெரிந்தது. இலை பழுத்தது. குளிர் இறங்கியது. காலையில் எழும்பித் தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டு, கதிரையில் இருந்தேன். போக ஒரு வீடும் இல்லை. எல்லா வீட்டிலும் சூடு தன்பாட்டில் வந்தது. காரணம் இல்லாமல் ஒருவர் கதவைத் தட்டுகிற பழக்கம் எனக்கில்லை. றோசலினுக்கும் இல்லை. படியில் காண்கிறபோது மட்டும் கதைப்போம்.

"என்ன கா, ரிட்டயர் எண்டால் ஆளே இல்லையோ?"

"நீயும் கீழ வரலாந்தானே."

"ஏன், எனக்கென்ன போயிலரோ பழுது?"

அவ்வளவுதான். அவள் ஏறுவாள், நான் இறங்குவேன்.

அந்த மாரி நடுவில் ஒரு சனிக்கிழமை, மத்தியானத்துக்குக் கிட்ட, கட்டடம் முழுக்க நெருப்பு மணி அடித்தது. எல்லாரும் பனிக்குள் இறங்கி நின்றோம். நெருப்பு வண்டி வந்தது. மூன்றாம் மாடி மூலை வீடு என்றார்கள். றோசலின் கோயிலுக்குப் போகிற கோட்டை வீட்டுச்சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பெரிய நெருப்பு இல்லை, புகைதான். மேலே போகவிட்டதும் போய்ப் பார்த்தேன். ஹீட்டரோடு ஒட்டி ஒரு முக்காலி. அதன்மேல் பிளாஸ்ரிக் சட்டி, ஒருபக்கம் உருகிச் சரிந்து கிடந்தது. பச்சைத் துவாய் ஹீட்டருக்கு மேலே தொங்கிக் கருகியிருந்தது. மா வழிந்து ஹீட்டரின் தகடுகளில் ஓடி, அங்கேயே வெந்து போயிருந்தது. தோசை வார்த்ததுபோல் ஓரமெல்லாம் முறுகல். வேறு நாளென்றால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

திங்கட்கிழமை ஜெறோம் பக்கத்து ஊர் லவாலிலிருந்து வந்தான். கம்பனியிலிருந்தும் ஒரு பெண் வந்தாள். ஜெறோம்தான் என்னையும் மேலே கூப்பிட்டான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழைத் தடவித் தடவித்தான் கதைப்பான். தாயில் உயிர்.

"அன்ரி, அம்மா ஹீட்டர்ல சமைக்கப் பாத்திருக்கிறா. அவவுக்கு மறதி தொடங்கிற்று. தனிய விடேலாது. லவால்ல வயசானாக்கள் இருக்கிற றெசிடான்ஸ் ஒண்டு பாத்திருக்கிறன். இந்த மாசமே."

றோசலின் மேசையில் கையை வைத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் வாய் மூடிக்கொண்டு இருக்கிறாய்? பிள்ளைக்குச் சொல்லன்" என்றேன்.

"என்னத்தச் சொல்லுற கா. கை தானாக் கொண்டுபோய் வைச்சிட்டுது."

"பாத்தீங்களா அன்ரி" என்றான் அவன். கண் கலங்கிவிட்டது.

"தம்பி, அம்மா சமைக்கேல்ல. மா புளிக்க வைச்சவ."

"ஹீட்டரிலயோ?"

"நீ இவ்வளவு காலமும் திண்ட தோசையெல்லாம் எங்க புளிச்சதெண்டு நினைச்சாய்?"

அவன் முன் அறையைத் திரும்பிப் பார்த்தான். சன்னலுக்குக் கீழே பழைய றேடியேற்றர் நின்ற இடத்தைப் பார்த்தான்.

"பச்சைத் துவாய்" என்றான். "தொட்டால் அம்மா அடிப்பா."

"அதுதான். அவ மறந்து செய்யேல்லத் தம்பி. மறக்காததாலதான் செய்தவ. இரும்பு மாறினது கைக்குத் தெரியாது."

கம்பனிப் பெண் என்ன கதை என்று கேட்டாள். ஜெறோம் சொன்னான். எனக்கும் சூட்டுக்குத் தேவையான பிரெஞ்சு தெரியும், அதில் சொன்னேன்: பழைய சூடு, தண்ணீர், பிரச்சினையில்லை. புதுச் சூடு, நெருப்பு. அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனால் ஒரு கிழவிக்கு இன்னொரு கிழவி சாட்சி சொல்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. பொய்யில்லை, நான் வேறென்ன.

"வாங்கோ" என்று அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். ஜெறோமும் வந்தான். இரண்டாம் மாடியில் முதல் கதவு, எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, சுமதி. இரண்டு தரம் தட்டினேன். இரண்டடி பின்னுக்கு வந்து நின்றேன். வேலையால் நின்றபிறகு நான் தட்டின முதல் கதவு அது.

"அக்கா! காத்து எடுக்கவோ? இப்ப எங்க காத்து!"

"பிள்ளை, உன்ர மாச்சட்டி எங்க?"

அவள் ஒன்றும் விளங்காமல் கையைக் காட்டினாள். ஹீட்டரோடு ஒட்டிக் கதிரை. கதிரையில் போர்வையால் சுற்றின சட்டி. போர்வையின் ஒரு தலைப்பு ஹீட்டரில் தொட்டும் தொடாமலும் கிடந்தது. கம்பனிப் பெண் ஓடிப்போய் அதை இழுத்தாள். சுமதி பயந்துவிட்டாள். அடுத்த கதவில் மா புளிப்பதில்லை என்று கைவிட்டுவிட்டார்கள், கடையில் வாங்குகிறார்களாம். அதற்கடுத்த கதவில் ஹீட்டருக்கு மேலேயே ஒரு பலகை ஆணியடித்து வைத்திருந்தார்கள், பழையமாதிரி.

கம்பனிப் பெண் மூன்று வீட்டு நம்பரையும் குறித்துக்கொண்டாள். ஹீட்டர் போட்ட நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆளனுப்பி இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். தன்னுடைய அம்மாவென்றாலும் இதைத்தான் செய்திருப்பா என்று ஜெறோமுக்குச் சொன்னாள். பிறகு உண்மையாகவே வீடு வீடாக ஆளனுப்பிச் சொன்னார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மேலே வந்ததும் ஜெறோம் தாய்க்கு முன்னால் குந்தி இருந்தான். "மன்னியுங்கோ அம்மா. நீங்கள் இஞ்சயே இருங்கோ. ஒருத்தரும் கொண்டுபோக மாட்டினம்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவளுக்கு வீடு மிஞ்சிவிட்டது, எனக்கு மேல்மாடி மிஞ்சிவிட்டது என்று நினைத்தேன்.

றோசலின் மகனின் தலையில் கையை வைத்தாள். "நான் போறன் மனே" என்றாள்.

"ஏன் கா?" என்று கேட்டுவிட்டேன். அவளுடைய "கா" என் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

"நெருப்புக்குப் பயமில்லை. மறதியும் இல்லை, நீதான் சொல்லிப்போட்டாய். இந்த வீட்டுக்குள்ள இப்ப ஒரு சத்தமும் இல்லை கா. முந்திக் கடகடத்தால் நீ வருவாய். இந்த ஹீட்டர் வாயே திறக்காது. அங்க ஆக்கள் இருக்கினமாம்."

நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் "உன்ர விருப்பம்" என்றேன். அவளும் "ஓம், என்ர விருப்பந்தான்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான்.

அந்த மாத முடிவில் அவள் போனாள். மூலை வீட்டுக்கு ஒரு பெடியனும் பெட்டையும் வந்தார்கள், படிக்கிறவர்கள், நல்ல பிள்ளைகள், படியில் போன்ஜூர் சொல்வார்கள். என் சன்னலால் பார்த்தால் ஆறு தெரியும். ஆற்றுக்கு அந்தக்கரை லவால்தான். மரங்களுக்கு மேலே கட்டடங்கள் தெரியும். அதில் எது அவளுடையது என்று தெரியாது. சில நாளில் சன்னலுக்குக் கீழே ஹீட்டரில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். மேலேயும் சூடு, கீழேயும் சூடு. ஒரு குறையும் இல்லை.

பனி கரையத் தொடங்கின காலம் ஒருநாள் என் கதவை ஆரோ தட்டினார்கள். சுமதி. கையில் சட்டி.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டன்! கரண்ட் அடுப்புக்குக் கீழ இருக்கிற 'அவன்' பெட்டிக்குள்ள வையுங்கோ. சூடு போடக்கூடாது, உள்ளுக்க இருக்கிற லைற்றை மட்டும் போட்டுக் கதவை மூடிவிடுங்கோ. விடியப் பாருங்கோ மாவை."

சங்கத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான். எல்லாம் கரண்ட் என்றால் மாவை எங்கே வைக்கிறது? பதில் எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ என்று அறியத்தான் ஆசை. புது வீட்டுக்குப் போகிற எங்கள் சனத்துக்கு இதையும் யாராவது படத்தில் போட்டுக் காட்டவேண்டும். அதுவரைக்கும் இதை வாசிக்கிறவர்கள் அறிந்துகொள்ளுங்கள்: 'அவன்' பெட்டிக்குள், லைற் வெளிச்சத்தில். ஹீட்டருக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

சுமதி சொன்ன அன்றைக்கே நான் வைத்துப் பார்த்தேன். உளுந்து கூட்டித்தான் போட்டேன். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு ஆளுக்கு அது அதிகம். நின்று யோசித்தேன். தோசை சுட்டு, சம்பலும் அரைத்து, பெட்டியில் அடுக்கி, ஜெறோமிடம் விலாசம் கேட்டுக்கொண்டு கோட்டைப் போட்டேன்.

ஆறு ஒன்றுதான் நடுவில், ஆனால் கார் இல்லாத ஆளுக்கு லவால் தூரம். பஸ்ஸில் போய், ஒரேஞ் லைன் மெற்றோ பிடித்து, நகரத்தின் அடிவரைக்கும் இறங்கி, மறுபக்கத்தால் ஏறி, அங்கேயிருந்து இன்னொரு பஸ். தோசை எப்போதோ ஆறிவிட்டது. றெசிடான்ஸ் புதுக் கட்டடம், எல்லாம் கரண்ட், ஒரு மணமும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. நீளமான விறாந்தையில் கதவுகள். வேலைசெய்கிற பிள்ளைகள் தட்டுகிற கையாலேயே திறந்துகொண்டு உள்ளே போகிறார்கள். அவர்களுக்கு நேரமில்லை.

றோசலினின் கதவுக்கு முன்னால் போய்ப் பையைக் கீழே வைத்தேன். இரண்டு தரம் தட்டினேன். இரண்டடி பின்னுக்கு வந்து, முழு ஆளும் தெரிய நின்றேன்.

பேந்து செருப்பு இழுபடுகிற சத்தம். கதவு ஓட்டைக்குள் வெளிச்சம் மறைந்தது.

"ஆரது?" ஆளைக் கண்டபிறகும் கேட்கிறாள்.

"காத்து எடுக்க வந்தனான்."

"இஞ்ச காத்தெல்லாம் வடிவாத்தான் இருக்கு கா" என்றாள். பூட்டுத் திரும்பியது. "நீதான் சரியாப் பிந்திப்போனாய்."